பிரித்து எழுதுக

ஞாயிறு மூன்று மணி.
ரோவல் ரோட்டில் ஒரு மாடியறை.
கீழே கைப்பேசிக் கடை, எதிரே கொத்துப் புரோட்டா சத்தம்.
எங்கள் வீட்டுப்பாடத்தைப் பலகையில் எழுதுகிறார் பெய் ஷான்.
இருபத்திரண்டு வயது இருக்கும்.

மழை வந்தது.
நான் நனைந்தேன்.
லாரி வரவில்லை.

தப்பே இல்லை என்கிறார்.
ஆனால் சிறுபிள்ளை படியிறங்குகிற மாதிரி
ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து
நின்று நின்று வருகிறீர்களாம்.
பிகாஸ் போடலாம். வென் போடலாம். ஆல்தோ போடலாம்.
சேர்த்து எழுதுங்கள்.

சேர்ப்பது எனக்கென்ன புதிதா?
மழை பிடித்துக்கொள்ள, லாரி வராமல்போக,
நனைந்து, நடந்து, துவாஸில் செருப்பு அறுந்து,
அதைக் கையில் பிடித்துக்கொண்டு
விடுதி வந்து சேர்ந்தேன் என்று
ஒரே மூச்சில் சொல்லிவிட்டுத்தான் நான் புள்ளி வைப்பேன்.
சேர்ந்தேன்.
வினையின் வாலில் ஓர் ஏன்.
நான் என்பதும் அதுதான்,
கேட்கத் தெரிந்தால் கேள்வியும் அதுதான்.

இங்கிலீஷில் ஆளை முதலிலேயே நிறுத்திவிடுகிறார்கள்.

கைப்பேசியில் ஒரு படம் இருந்தது.
செவ்வாய்க்கிழமை நான் கையெழுத்துப் போட்ட தாள்.
வீரணன் சாரத்திலிருந்து விழுந்ததைப் பற்றி
அலுவலகத்தில் எழுதியது.
ஒரே வாக்கியம்.
ஒன்பது வரி, ஏழு கமா, ஒரு புள்ளி.
புள்ளிக்குக் கீழே என் பெயர்.
சாட்சி.

அன்று வாசித்தபோது நல்ல இங்கிலீஷ் என்று நினைத்தேன்.
எண்ணெய் போட்ட சங்கிலி மாதிரி
எங்கேயும் சிக்காமல் ஓடியது.
பலகையில் ஆல்தோவைப் பார்த்த பிறகுதான்
சங்கிலிக்குக் கண்ணிகள் உண்டு என்பது உறைத்தது.
நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி
ஒவ்வொன்றாகக் கழற்றினேன்.

மழை பெய்தது.
பலகை ஈரம்.
காலையில் எச்சரித்தார்கள்.
தமிழிலும் எச்சரித்தார்கள்.
வீரணன் பெல்ட் கட்டியிருந்தான்.
கொக்கியை மாட்டவில்லை.
அவசரப்பட்டான்.
விழுந்தான்.
இடுப்பெலும்பு முறிந்தது.
உடனே ஆம்புலன்ஸ் அழைத்தார்கள்.

பத்து.

தனித்தனியாக நிறுத்தினால் பத்தும் நிஜம்.
அவசரப்பட்டதுகூட நிஜம்தான்.
சோறு ஆறுது, வாடா என்று கத்தியவன் நான்.
எழுதியவர் பொய் சொல்லவில்லை.
சேர்த்திருக்கிறார், அவ்வளவுதான்.
எச்சரிக்கையைத் தூக்கி ஆல்தோ முன்னால் வைக்க,
பிகாஸ் போய் உட்கார்ந்த இடம்
வீரணனின் முதுகுக்குப் பின்னால்.

பதினோராவதைத் தேடினேன்.
ஏழு கமாவையும் தூக்கிப் பார்த்தேன்.
இல்லை.
நானே எழுதினேன்.

கொக்கி மாட்ட அங்கே கம்பி இல்லை.

பெய் ஷான் வந்து குனிந்து பார்த்தார்.
கடையில் மீன் பொறுக்குகிறவர் மாதிரி
சிவப்புப் பேனாவால் இரண்டிரண்டாக வளைத்தார்.
மழை, பலகை: பிகாஸ்.
பெல்ட், கொக்கி: பட்.
கடைசி வரியில் பேனா நின்றது.
இதை எதோடு சேர்ப்பீர்கள்?

விச் போட்டு நடுவில் செருகலாம்.
இரண்டு கமாவுக்கு இடையில்
லாரியின் பின்பக்கம் குந்தியிருக்கும் எங்களைப் போல
யார் கண்ணிலும் படாமல்
அதுபாட்டுக்குப் போய்விடும்.

நோ மிஸ், என்றேன்.
திஸ் ஒன் ஸ்டாண்ட்.

என்னைப் பார்த்தார். வரியைப் பார்த்தார்.
பேனாவை மூடினார்.
ஸ்டாண்ட்ஸ், என்றார் மெதுவாக.

எஸ் மட்டும் சேர்த்துக்கொண்டேன்.

ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியில் உள்ளே விடுவார்கள்.
நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.
வீரணனிடம் ஒன்று கேட்க வேண்டும்:
அந்தக் கம்பியைக் கழற்றிக்கொண்டு போனது
வெள்ளிக்கிழமையா, சனிக்கிழமையா.